மாவோரிச் சொற்களைத் தமிழாக்க வேண்டாம்: நம் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆக்லாந்தில் உள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு,

சங்க மலரோடு சேர்த்து வீட்டுக்கு வீடு அனுப்பியிருக்கிறீர்களே, இந்த நாட்டின் ஆதி மக்களான மாவோரிகளின் சொற்கள் பற்றிய அந்தக் கையேடு, அதைத் திரும்பப் பெறுங்கள். இதையே மின்னஞ்சலில் எழுதியபோது "ஆர்வத்தில் செய்தது, பெரிதுபடுத்த வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. சரி என்று விட்டிருப்பேன். ஆனால் செப்டம்பரில் வரும் மாவோரி மொழி வாரத்தில் அதே கையேட்டைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கப் போவதாக அறிவித்துவிட்டீர்கள். அந்தப் பள்ளியில்தான் என் மகளும் படிக்கிறாள். அதனால் எல்லாருக்கும் தெரியும்படியே எழுதுகிறேன்.

மனிதன், குடும்பம், குலம் என்று பொருள்படும் மாவோரிச் சொற்களெல்லாம் தமிழிலிருந்து போனவை என்கிறது உங்கள் கையேடு. 'தஙத்தா' என்றால் மனிதன். அது 'தங்கு' என்ற வினையிலிருந்து வந்ததாம், மண்ணில் தங்கியவன் தங்கதா. பல குலங்கள் சேர்ந்த கூட்டத்தைக் குறிக்கும் 'வக்கா' நம்முடைய 'வகை'யாம். 'இவி' என்ற சொல்லுக்கு மட்டும் வேர் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பொருளை மட்டும் போட்டிருக்கிறீர்கள்: சாதி. அதற்குக் கீழே "மாவோரி மக்களிடையே பல சாதிகள் உண்டு" என்று ஒரு வாக்கியம்.

முதலில் அந்தத் தங்கதாவை எடுத்துக்கொள்வோம். 'தங்கம்' என்று சொல்லும்போது ங்-ஐத் தொட்டுக்கொண்டு ஒரு 'க' ஒலிக்கிறதே, அந்த ஒலி மாவோரி மொழியில் கிடையவே கிடையாது. அவர்கள் ஆங்கில எழுத்தில் 'என்', 'ஜி' என்று இரண்டாக எழுதினாலும் ஒலி ஒன்றுதான், நம்முடைய ங. 'ஙப்போல் வளை' என்று ஆத்திசூடியில் சொல்லிவிட்டு அதோடு நாம் மறந்துபோகும் எழுத்து. அவர்களுக்கோ அது சொல்லின் முதலிலேயே வரும். பன்மைக்கு முன்னால் போடும் சொல்லே 'ஙா'. நீங்கள் 'தஙத்தா'வைத் 'தங்கதா' என்று அச்சடித்துவிட்டு, அப்புறம் அதற்குள் 'தங்கு' இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்த 'க' அச்சகத்தில் ஏறியது.

எழுத்துப் பிழை போகட்டும். ஒரு சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பக்கத்துத் தீவுகளில் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. சமோவாவிலும் டோங்காவிலும் அது தஙத்தா. தஹிதியில் நடுவில் உள்ள ஙகரம் விழுந்து தஅத்தா. ஹவாயில் தகரம் ககரமாகி, ஙகரம் னகரமாகி, கனக்கா. நியூ கலிடோனியாவின் கனக் மக்களுக்கு அந்தப் பெயர் இந்த ஹவாய்ச் சொல்லிலிருந்து கப்பல்காரர்கள் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான். பிஜியிலோ அது தமத்தா. பிஜி வடிவத்தில் ங இல்லை, ம இருக்கிறது. பழைய வடிவத்தில் இருந்த மகர ஒலிதான் பொலினீசியக் கிளையில் ஙகரமாக மாறியது என்கிறார்கள் மொழியியலாளர்கள். அப்படியானால் 'தங்கு' எதில் போய் ஒட்டும்? பிஜியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நம் சங்கத்திலேயே இருக்கின்றன. அவர்களில் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தால் தமத்தாவை ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

'வக்கா' இன்னும் எளிது. வக்கா என்றால் படகு. கடல் கடந்து வந்த முன்னோர் ஏறி வந்த படகு எதுவோ, அந்தப் பெயரே அவர்கள் வழிவந்த குலங்களின் கூட்டத்துக்கும் பெயராக நின்றது. தைனுயி வக்கா என்றால் அந்தப் படகு வழி வந்த வைக்காத்தோ, மணியாபோத்தோ முதலிய குலங்கள் எல்லாம் அதில் அடக்கம். டோங்காவில் படகுக்கு வக்கா, சமோவாவிலும் ஹவாயிலும் நடுவில் உள்ள ககரம் விழுந்து வஅ, பிஜியில் வங்கா, பிலிப்பைன்சில் பங்கா. பசிபிக் முழுக்கப் படகாக மிதக்கிற சொல்லைப் பிடித்து 'வகை' என்கிறீர்கள். தமிழிலிருந்து உண்மையிலேயே கடலோடிப் போன சொல் ஒன்று இருக்கிறது, கட்டுமரம். ஆங்கிலத்தில் நுழைந்து, நம் மீனவர் கட்டும் மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத இரட்டை உடல் படகுகளுக்கெல்லாம் பெயராகிவிட்டது. ஆக்லாந்துத் துறைமுகத்தில் தினமும் காதில் விழும் சொல். அது எந்த வழியாக, யார் வாயிலிருந்து போனது என்று ஏட்டில் காட்ட முடியும். பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லுங்களேன்.

1769-ல் கேப்டன் குக்கின் கப்பல் இங்கே கரை தொட்டபோது அதில் ராயத்தேயா தீவைச் சேர்ந்த துப்பையா என்பவர் இருந்தார். அவர் தன் தாய்மொழியில் பேச, கரையில் நின்ற மாவோரிகளுக்குப் புரிந்தது. பல நூறு ஆண்டுகள் பிரிந்திருந்த இரண்டு தீவு மக்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொண்டார்கள். இந்தச் சொற்களின் உறவு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

அடுத்தது என் வேலையிடம். நான் தெற்கு ஆக்லாந்தில் மகப்பேறுப் பிரிவில் நர்ஸ். உங்கள் கையேட்டில் உள்ள சொற்களில் முக்கால்வாசி எங்கள் வார்டில் தினமும் புழங்குகின்றன, ஆனால் அங்கே அவற்றின் பொருள் வேறு. 'ஹப்பூ' என்றால் கையேட்டில் 'உட்பிரிவு' என்று போட்டிருக்கிறீர்கள். வார்டில் ஹப்பூ என்றால் கர்ப்பிணி. 'ஹப்பூ வானங்ஙா' என்று மாவோரித் தாய்மார்களுக்கு நடத்தும் பிரசவ வகுப்புக்குப் பெயர். 'ஃபானவ்' என்றால் குடும்பம், சரிதான், நோயாளியின் உறவினர் உட்காரும் அறைக் கதவிலும் அதுதான் எழுதியிருக்கும். ஆனால் அதே சொல்லுக்குப் பிறப்பது, பிள்ளை பெறுவது என்றும் பொருள். சமோவாவிலும் டோங்காவிலும் ஃபானவ் பிள்ளைகளைக் குறிக்கும், ஹவாயில் ஹானவ் பிள்ளை பெறுவதைக் குறிக்கும்.

'இவி' என்றால் எலும்பு, அதுவே குலத்துக்கும் பெயர். ஹவாயிலும் அது எலும்புதான், சமோவாவிலும் தஹிதியிலும் 'இவி' எலும்புதான். நாம் இரத்த உறவு என்கிறோம், அவர்கள் எலும்பைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

'ஃபெனுவா' இரண்டு பொருள் தரும் சொல்: நிலம், நஞ்சுக்கொடி. பிரசவம் முடிந்ததும் "ஃபெனுவாவை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா?" என்று தாயிடம் கேட்பது எங்கள் வழக்கம். ஆம் என்றால் மூடிபோட்ட டப்பாவில் வைத்து, பெயர்ச் சீட்டு ஒட்டி, தனிக் குளிர்பெட்டியில் வைப்போம். சாப்பாடு வைக்கும் பெட்டிக்குள் அது போகவே கூடாது. புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுக்குச் சொல்லித்தரும் முதல் விஷயங்களில் இது ஒன்று. சில குடும்பங்கள் அதற்கென்றே மண்ணிலோ சுரைக்குடுவையிலோ செய்த கலத்தைக் கொண்டு வரும். தாத்தாவோ பாட்டியோ அதை மடியில் வைத்தபடி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். போய்த் தங்கள் நிலத்தில் புதைப்பார்கள். 'தஙத்தா ஃபெனுவா', அதாவது மண்ணின் மக்கள், என்று அவர்கள் சொல்லும்போது அந்த ஃபெனுவாவுக்குள் இரண்டும் இருக்கிறது.

டோங்காவில் அது ஃபொனுவா, தஹிதியில் ஃபெனுவா, பிஜியில் வனுவா, மலாயில் பெனுவா. வனுவாட்டு என்ற நாட்டின் பெயரிலேயே அது இருக்கிறது. எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். வார்டில் அந்த டப்பாவைப் பார்த்தபோது எனக்கு அந்த ஆலமரம் ஞாபகம் வந்தது உண்மைதான். அதற்காக ஃபெனுவா தமிழ்ச் சொல் என்று நான் எழுதிவிடலாமா? நினைப்பு ஒத்துப்போவது ஒன்று, சொல் உறவு வேறொன்று.

என்னைத் தூங்கவிடாத வாக்கியம் அந்தச் 'சாதி' வாக்கியம்தான். இதைத் தமிழ் ஆசிரியர்கள் நால்வர் மெய்ப்புப் பார்த்தார்கள் என்று நன்றிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். யாருக்குமே உறுத்தவில்லையா?

எங்கள் மருத்துவமனைப் படிவத்தில் இவி எது என்று கேட்கும் இடம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் உண்டு. ஒருவர் இரண்டு, மூன்று பெயர்கள் எழுதுவார், நாங்களும் எழுதிக்கொள்வோம். தாய் ஙாத்தி போரோ, தகப்பன் ஙாபுஹி என்றால் குழந்தை இரண்டும்தான். முன்னால் வரும் 'ஙாத்தி', 'ஙாய்' என்பதற்குச் சந்ததியார் என்று பொருள்: ஙாத்தி போரோ என்றால் போரோராஙி என்ற முன்னோரின் சந்ததியார், ஙாய் தஹு என்றால் தஹுப்போத்திக்கியின் சந்ததியார். தாய்வழியும் செல்லும், தகப்பன்வழியும் செல்லும். ஒரு இவி மேல், இன்னொன்று கீழ் என்ற வரிசை கிடையாது, தொட்டால் தீட்டு கிடையாது, யாரும் யாரையும் கட்டிக்கொள்ளலாம். பழைய மாவோரிச் சமூகத்தில் தலைவன், சாமானியன், போரில் பிடிபட்ட அடிமை என்ற ஏற்றத்தாழ்வு இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. அந்த ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு குலத்துக்கு உள்ளேயும் இருந்தது. குலத்துக்கும் குலத்துக்கும் இடையில் சாதிப் படிக்கட்டு இருந்ததில்லை. ஊரில் நாம் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டிய ஒரு சொல்லை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து, நமக்கு இடம் கொடுத்தவர்கள் முதுகில் ஒட்டியிருக்கிறோம். என் மகள் பள்ளியில் பக்கத்தில் உட்காரும் மாவோரித் தோழியிடம் "உங்க சாதி என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று, ஹப்பூவும் தஙத்தாவும் வெறும் அகராதிச் சொற்கள் இல்லை. 1840 பிப்ரவரி 6-ல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் கையெழுத்திட்ட வைத்தாங்ஙி ஒப்பந்தத்தின் மாவோரி வடிவத்தைப் பாருங்கள். இரண்டாம் பிரிவு உரிமை உறுதி தருவது ரங்ஙத்திராக்களுக்கு (தலைவர்களுக்கு), ஹப்பூக்களுக்கு (கால்வழிகளுக்கு), நியூசிலாந்தின் தஙத்தா எல்லாருக்கும். நிலமும் ஊரும் செல்வமும் யார் கையில் என்று சொல்லுமிடத்தில் இந்தச் சொற்கள் நிற்கின்றன. இன்றைக்கு நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வழக்காடுவது அதன்மேல்தான்.

இந்த இடத்தில் மணிக்கு வருகிறேன், கையேட்டின் பின்னட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்களே, அந்தத் 'தமிழ் மணி'க்கு. வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளிம்பு உடைந்த வெண்கல மணி, முகைய்யதீன் பக்சுவின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. 1830-களில் கொலென்சோ என்ற பாதிரியார் வடக்கே பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கப்பல், எப்படி வந்தது, யாருக்கும் தெரியாது. எனக்கும் அந்த மணியின்மேல் ஆசைதான், நம் எழுத்தை இவ்வளவு தூரத்தில் பார்த்தால் யாருக்குத்தான் சிலிர்க்காது? ஆனால் அது 500 ஆண்டுப் பழசு என்று நீங்களே எழுதுகிறீர்கள். மாவோரியின் முன்னோர் கிழக்குப் பொலினீசியாவிலிருந்து இங்கே வந்தது 13-ஆம் நூற்றாண்டு வாக்கில். அதற்கும் வெகுகாலம் முன்பே தஙத்தாவும் வக்காவும் தீவு தீவாகப் பேசப்பட்ட சொற்கள். பின்னால் வந்த மணி முன்னால் இருந்த சொல்லை எப்படிக் கொண்டுவரும்?

இது விளையாட்டும் இல்லை. 'மாவோரிக்கு முன்னால் வேறு யாரோ இங்கே இருந்தார்கள்' என்று கெல்ட்டியர், பினீசியர் என்று வரிசையாகப் பெயர் சொல்லும் ஒரு கூட்டம் இந்த நாட்டில் ரொம்ப நாளாக உண்டு. மாவோரிகளும் வந்தேறிகள்தானே, ஒப்பந்தம் எதற்கு என்று முடிப்பதற்காகவே அந்தக் கதை. நம் மணியையும் அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் கையேடு அவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த பட்சணம்.

இந்த வேலையை நமக்கு முன்னாலேயே ஒருவர் செய்திருக்கிறார் என்பதாவது தெரியுமா? எட்வர்ட் ட்ரெகியர் என்ற நில அளவையாளர் 1885-ல் 'ஆரிய மாவோரி' என்று புத்தகமே போட்டார். மாவோரி மொழிக்குள் சமஸ்கிருதம் இருக்கிறது, ஐரோப்பியரோடு கூடப்பிறந்த ஆரியர்கள்தான் இவர்கள் என்று வாதாடினார். ஐரோப்பியர் வரும்வரை மாட்டையே பார்த்திராத மக்களின் சொற்களுக்குள் மாட்டைத் தேடினார், கண்டும்பிடித்தார். ஆர்தர் அட்கின்சன் என்பவர் அதே முறையைக் கையாண்டு கேலியாக ஒரு கட்டுரை எழுதி அதைப் பிய்த்துப் போட்டார். அந்த ட்ரெகியரே 1891-ல் பொலினீசிய மொழிகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டுப் பெரிய அகராதி போட்டார், அது இன்றும் பயன்படுகிறது. சமஸ்கிருதம்தான் எல்லாவற்றுக்கும் தாய் என்று யாராவது சொன்னால் நாம் எப்படிக் கொதிப்போம்? ஆரியத்தை எடுத்துவிட்டுத் தமிழை வைத்தால் மட்டும் அந்த முறை சரியாகிவிடுமா?

1867-ல் வந்த சட்டத்தால் மாவோரிப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறின. தாய்மொழியில் பேசியதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய பாட்டிகள் எங்கள் வார்டுக்குக் கொள்ளுப்பேரனைப் பார்க்க வருகிறார்கள். மாவோரி மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கக் கோரி, 1972 செப்டம்பர் 14-ல் 30,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவை நாடாளுமன்றப் படியில் கொடுத்தார்கள். 1982-ல் கோஹங்ஙா ரேயோ என்ற மாவோரி மொழி மழலைப் பள்ளிகள் தொடங்கின. 1987-ல் மாவோரி சட்டப்படி ஆட்சிமொழி ஆனது. நீங்கள் கையேட்டோடு கொண்டாடப் போகும் மொழி வாரம் அந்த மனுவின் நினைவாகத்தான் செப்டம்பரில் வருகிறது. அந்த வாரத்தில் போய் "உங்கள் சொற்கள் எங்களுடையவை" என்று சொல்லப் போகிறோம்.

என் கோரிக்கைகள் இவை. கையேட்டின் மீதிப் படிகளைக் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள், தமிழ்ப் பள்ளிப் பாடத்திலிருந்து அதை எடுங்கள். சங்கத்தின் இணையப் பக்கத்தில் உள்ள படியையும் நீக்குங்கள். 'சாதி' என்று அச்சிட்டது தவறு என்று அடுத்த மலரில் முதல் பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். பிள்ளைகள் படிப்பது ஆங்கிலம்தான், தமிழில் மட்டும் போட்டு ஒளித்துவிட வேண்டாம். இவி, ஹப்பூ, ஃபானவ் ஆகியவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், விளக்கம் வேண்டுமானால் குடி, கால்வழி, குடும்பம் என்று அடைப்பில் கொடுங்கள்.

புதிதாக எழுதுவதானால், மாவோரி மொழி கற்பிக்கும் ஓர் ஆசிரியரை அழைத்து அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அச்சுக்கு அனுப்புங்கள். அவருக்கு உரிய கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள், சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். நகரின் நடுப்பகுதிக்கு உரிய மண்ணின் மக்களான ஙாத்தி ஃபாத்துவா ஒராக்கேய் மக்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் புதுப் பக்கத்தில் நமக்கான சொற்களும் இருக்கட்டும்: வெளியிலிருந்து வந்தவர்களான நாம் 'தவுயிவி', ஒப்பந்தத்தின் பேரில் இங்கே வாழும் உரிமை பெற்றவர்கள் என்ற வகையில் 'தஙத்தா திரித்தி'.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று அடுத்த பொதுக்குழுவில், எல்லா உறுப்பினர்கள் முன்னிலையிலும் சொல்லுங்கள். குறிப்பேட்டிலும் பதிவு செய்யுங்கள். அதுவரை என் மகள் அந்த வகுப்புக்கு மட்டும் வர மாட்டாள். மற்ற வகுப்புகளுக்கு வழக்கம்போல் வருவாள்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்,
தெற்கு ஆக்லாந்து